கூண்டு அட்டையில் எழுதியிருக்கும் இனம்: டர்பன் காப்பக நாயைப் படிப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள நாய்க் காப்பகங்களில் கூண்டுக்குக் கூண்டு ஓர் அட்டை தொங்கும். ஆணா பெண்ணா, தோராய வயது, கருத்தடை ஆயிற்றா, தடுப்பூசி போட்டாயிற்றா என்பவற்றோடு இனம் என்று ஒரு கட்டமும் இருக்கும். அதில் சுழன்று சுழன்று வருபவை ஐந்தாறு பெயர்கள்தாம். கறுப்பு உடம்பும் தொங்கு காதும் என்றால் ‘லாப்ரடார் கிராஸ்’, அதாவது லாப்ரடார் கலப்பு. செவலை உடம்பும் கறுத்த வாயும் என்றால் ‘பூர்பூல் கிராஸ்’ (பூர்பூல் இந்த நாட்டுப் பெரிய காவல் நாய்). தலை அகன்று முடி குட்டையாக இருந்தால் ‘ஸ்டாஃபி கிராஸ்’, எழுதுபவர் சற்றுப் பயந்தவரானால் ‘பிட்புல் கிராஸ்’. வெள்ளையில் பழுப்புத் திட்டுள்ள சின்ன நாய் ‘ஜாக் ரஸல் கிராஸ்’. சடைமுடிக் குட்டி நாயெல்லாம் ‘மால்டீஸ் பூடில்’. எதிலும் அடங்காததைப் ‘பேவ்மென்ட் ஸ்பெஷல்’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். இத்தனை பெயர்களில் உண்மைக்கு மிக நெருங்கியது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பெயர்தான்.

எழுதுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ தெருவில் பிடிபட்ட நாய்க்குத் தாய் தகப்பன் யாரென்று யாருக்குத் தெரியும்? தீபாவளி வெடிக்கும், நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவு வெடிக்கும் மிரண்டு வேலி தாண்டிய நாய்கள் அந்த வாரங்களில் வந்து குவியும். வாசலில் அட்டைப்பெட்டியோடு விட்டுப்போன குட்டிகள் வேறு. படிவம் இனத்தைக் கேட்கிறது, ஊழியர் கண்ணில் பட்டதை எழுதுகிறார். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவசரத்தில் எழுதிய ஒரு சொல்லை வீட்டுக்கு எடுத்துப்போகும் குடும்பம் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறது. நாய் எவ்வளவு வளரும், பிள்ளைகளோடு எப்படி இருக்கும், எவ்வளவு ஓட விட வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சொல்லை வைத்தே முடிவு செய்கிறது.

பார்வை எவ்வளவு தவறும்

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் விக்டோரியா வாய்த்தும் அவருடைய குழுவினரும் தத்துக் கொடுக்கப்பட்ட 20 நாய்களை எடுத்துக்கொண்டு, காப்பகங்கள் சொன்ன இனத்தை மரபணுச் சோதனையோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலான நாய்களில் இரண்டும் பொருந்தவில்லை. 2013இல் அவர்களே 900க்கும் மேற்பட்டவர்களுக்கு 20 நாய்களின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நாய்களோடு தொழில் செய்பவர்கள். 14 நாய்களின் விஷயத்தில் மரபணு முடிவோடு ஒத்த பதில் சொன்னவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லாதது. அனுபவசாலிகள் ஒரே நாயைப் பார்த்து வெவ்வேறு இனம் சொல்கிறார்கள் என்றால் அனுபவத்தைக் கூட்டி மட்டும் இதைச் சரிசெய்ய முடியாது.

2018இல் லிசா குன்டர் குழுவினர் அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு காப்பகங்களின் 919 நாய்களைச் சோதித்தார்கள். 125 இனங்களின் தடயம் கிடைத்தது. தூய இன நாய்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. சராசரியாக ஒரு நாய்க்குள் மூன்று இனங்கள். ஏதாவது ஓர் இனத்தையாவது சரியாகச் சொல்வதில் ஊழியர்கள் ஒரு காப்பகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெற்றி பெற்றார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைச் சரியாகச் சொன்னது பத்தில் ஒரு நாய்க்குத்தான். ‘லாப்ரடார் கிராஸ்’ என்ற அட்டையில் ‘லாப்ரடார்’ சில வேளை சரியாக இருக்கலாம். அந்தக் ‘கிராஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை.

தோற்றம் ஏன் ஏமாற்றுகிறது

நாய்க்கு 39 இணைக் குரோமோசோம்கள், சுமார் 20,000 மரபணுக்கள். இனத்தை நாம் அடையாளம் காணும் முடி, நிறம், காது, கால் நீளம் ஆகியவற்றை ஆள்பவை அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2009இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களின் முடி வகைகளில் பெரும்பகுதியை மூன்றே மரபணுக்களால் விளக்கலாம் என்று காட்டியது. முடி நீளத்துக்கு எஃப்ஜிஎஃப்5, மீசை புருவச் சடைக்கு ஆர்எஸ்பிஓ2, சுருளுக்கு கேஆர்டி71. ஒரு நாயின் மரபில் எட்டில் ஒரு பங்கு மட்டுமே பூடிலாக இருந்து, அந்தப் பங்கில் சடைக்கான மரபணு வந்துவிட்டால் போதும், முகம் முழுக்கப் பூடில் தெரியும். பாதி மரபு பூடிலாக இருந்தும் நீளமுடிக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் (தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று) ஒன்றுமட்டும் வந்திருந்தால் முடி குட்டையாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் அட்டையை விடத் தெளிவாக நாயைப் படிக்கலாம். சில பண்புகள் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும். கறுப்பு நிறம், மீசைச் சடை, டாக்ஸ்ஹண்ட் போன்ற குட்டைக் கால், முகத்தின் கறுப்பு முகமூடி, முதுகில் எதிர்த்து வளரும் முடிக்கோடு எல்லாம் அப்படி. இவை இருந்தால் பெற்றோரில் ஒன்றிடமாவது அந்த மரபணு நிச்சயம் இருந்திருக்கும். வேறு சில பண்புகள் இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வெளிப்படும். நீளமுடி, கல்லீரல் பழுப்பு, கறுப்பும் செம்பழுப்பும் கலந்த ராட்வைலர் நிறம், ஒரு கறுப்பு முடிகூட இல்லாத வெளிர் மஞ்சள் ஆகியவை இந்த வகை. ஆகவே இரண்டு குட்டைமுடி நாய்களுக்கு நீளமுடிக் குட்டியும், இரண்டு கறுப்பு நாய்களுக்கு மஞ்சள் குட்டியும் பிறப்பதில் அதிசயமில்லை. ‘தகப்பன் கோல்டன் ரிட்ரீவராகத்தான் இருக்கும்’ என்று தெருவே முடிவுகட்டத் தேவையில்லை.

கறுப்பு நாயெல்லாம் லாப்ரடார் ஆகிவிடுவதற்கும் இதுதான் காரணம். கறுப்பு ஒரே பிரதியில் வெளிப்படும், எத்தனையோ இனங்களிலும் இனமே இல்லாத நாய்களிலும் இருக்கிறது. காது தொங்குவதும் அப்படிப் பொதுவானதுதான். இவை இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது கறுப்பாகக் காது தொங்கும் ஒரு நாய், அவ்வளவே. நாக்கில் நீலப் புள்ளி இருந்தால், நாக்கே நீலமான சௌ சௌ இனம் என்பார்கள். அந்தப் புள்ளி பல இனங்களில் சாதாரணம்.

கலப்பு எப்படித் தோற்றத்தைக் கலைத்துப் போடும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் பசென்ஜியையும் காக்கர் ஸ்பானியலையும் கலந்து வளர்த்து 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோர் யார் என்பது அட்சர சுத்தமாகத் தெரிந்த குட்டிகள் அவை. அப்படியிருந்தும் அவற்றின் படத்தை மட்டும் பார்த்து இரண்டு இனத்தையும் சொல்வது எவருக்கும் கடினம். அடுத்த தலைமுறையில் ஒரே ஈற்றுக் குட்டிகள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவைபோலப் பிரிந்து போயின.

குவாசூலு-நேட்டாலில் விட்டுப்போகும் பதில்

இதுவரை சொன்னவை எங்கும் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில், அதிலும் டர்பன் இருக்கும் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில், இன்னொரு விஷயம் இருக்கிறது. அட்டையில் அது அநேகமாக வருவதே இல்லை. நாய் எந்த இனத்தின் கலப்பாகவும் இல்லாமல் இருக்கலாம்.

ஐரோப்பியர் கப்பல் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே நாய் உண்டு. லிம்போபோ பகுதியில் கிடைத்த நாய் எலும்புகள் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வடக்கிலிருந்து மாடுகளோடும் மனிதர்களோடும் இறங்கிவந்த அந்த நாய்களின் வழித்தோன்றல்கள் இன்றும் சூலு கிராமங்களில் திரிகின்றன. ஆஃப்ரிகானிஸ் என்று இப்போது அழைக்கப்படுவது அந்த நாய்தான். யாரும் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்து உருவாக்கியதல்ல. வெயிலும் உண்ணியும் பட்டினியும் சலித்தெடுத்த நாய். இதை ஆவணப்படுத்தியதில் ஜோஹன் கலான்டுக்கும் எடித் கலான்டுக்கும் பெரும் பங்குண்டு.

நடுத்தர உயரம், ஒல்லியான கட்டுடம்பு, ஆப்பு வடிவத் தலை, குட்டை முடி, முதுகின் மேல் வளையக்கூடிய வால். நிறம் எதுவும் வரலாம். காது நிமிர்ந்தோ பாதி மடிந்தோ தொங்கியோ இருக்கலாம். இப்படிப்பட்ட நாய் காப்பகத்துக்கு வந்தால் அட்டையில் என்ன எழுதுவார்கள்? ஒல்லியாக இருந்தால் கிரேஹவுண்ட் கிராஸ். காது நிமிர்ந்தால் ஷெப்பர்ட் கிராஸ். செவலையாக இருந்தால் ரிட்ஜ்பேக் கிராஸ். ஒரே ஈற்றின் மூன்று குட்டிகளுக்கு மூன்று இனப்பெயர் கிடைத்துவிடும்.

ரிட்ஜ்பேக் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். முதுகுக்கோடு இருந்தால் ரொடீசியன் ரிட்ஜ்பேக்தான் என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். அந்தக் கோட்டுக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்3, எஃப்ஜிஎஃப்4, எஃப்ஜிஎஃப்19 முதலிய மரபணுக்கள் உள்ள ஒரு துண்டு இரட்டிப்பானது என்று 2007இல் கண்டறிந்தார்கள். ஒரு பிரதி போதும், கோடு விழுந்துவிடும். ஆனால் ரிட்ஜ்பேக் இனத்துக்கான விதிகள் இன்றைய ஜிம்பாப்வேயின் புலவாயோவில் எழுதப்பட்டது 1922இல்தான். கோடு அதற்கு முன்பே தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளான கொய்கொய் மக்களின் நாய்களிடம் இருந்தது, அங்கிருந்துதான் இந்த இனத்துக்குள் வந்தது. எனவே கோடுள்ள ஒரு தெருநாயின் மூதாதை ரிட்ஜ்பேக்காக இருக்கலாம், ரிட்ஜ்பேக்கின் மூதாதைக்குச் சொந்தக்கார நாயாகவும் இருக்கலாம். கோட்டை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை.

நகரத்தில் நிலைமை இன்னும் கலங்கலானது. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் போன்ற இடங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக ஐரோப்பிய இனங்களும் நாட்டு நாய்களும் வேலி தாண்டிக் கலந்திருக்கின்றன. டோங்காட், வெருலம் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களை ஒட்டிய குடியிருப்புகளில் பிறந்த நாய்க்குள் எத்தனை பங்கு எது என்பதைக் கண்ணால் சொல்வது ஊகம்தான்.

இனத்தை விட்டு, அளக்கக்கூடியதை அளக்கவும்

வீட்டுக்கு உண்மையில் தேவைப்படும் தகவல் மூன்று: எவ்வளவு பெரிதாகும், முடிக்கு எவ்வளவு வேலை, எவ்வளவு துடியானது. முதலிரண்டையும் இனப்பெயர் இல்லாமலே ஓரளவு கணிக்கலாம்.

வளர்ந்த நாயானால் அளந்துவிட்டால் முடிந்தது. சுவரோரம் நிறுத்தி, தோள்பட்டை உச்சியில் ஒரு புத்தகத்தைச் சமமாக வைத்து, சுவரில் கோடு போட்டுத் தரையிலிருந்து அளக்கவும். தலையை அளவில் சேர்க்கக் கூடாது. எடைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறி, தன் எடையைக் கழித்துக்கொள்ளலாம். இந்த இரண்டு எண்களே பல அட்டைகளைப் பொய்யாக்கும். ஸ்டாஃபி என்ற ஸ்டாஃபோர்ட்ஷயர் புல் டெரியரின் உயரம் ஏறத்தாழ 36 முதல் 41 செ.மீ., எடை 11 முதல் 17 கிலோ. ஆண் ரிட்ஜ்பேக் 63 முதல் 69 செ.மீ. பூர்பூலும் அந்த உயரத்தை எட்டும், ஆனால் உடம்பு அதைவிடக் கனம். வளர்ந்து முடிந்தும் 40 செ.மீ. தாண்டாத, 14 கிலோ நாயைப் பூர்பூல் கிராஸ் என்று எழுதியிருந்தால் அதில் பூர்பூலின் நிறம் வேண்டுமானால் இருக்கலாம், உடம்பு இல்லை.

குட்டியானால் முதலில் வயதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். அதற்குப் பல்லைவிட நல்ல சாட்சி கிடையாது. பால் பற்கள் 28. மூன்று நான்கு வாரத்தில் முளைக்கத் தொடங்கி எட்டு வாரத்துக்குள் நிறைந்துவிடும். மூன்று நான்கு மாதத்தில் முன்பற்கள் விழுந்து, விளிம்பில் அலை அலையான பெரிய பற்கள் வரும். கோரைப்பல் மாறுவது ஐந்து ஆறு மாதத்தில். ஆறேழு மாதத்தில் 42 பற்களும் இருக்கும். அதற்குப் பிறகு பல்லை வைத்துச் சொல்லும் வயது தோராயம்தான், ஏனென்றால் கறை படிவது தின்னும் தீனியைப் பொறுத்தது.

வயது தெரிந்தால் எடையை வைத்துக் கணக்குப் போடலாம். நடுத்தர நாய் நான்கு மாதத்தில் தன் முழு எடையில் ஏறத்தாழ பாதியில் இருக்கும். சின்ன நாய் மூன்று மாதத்திலேயே பாதியைத் தொட்டுவிடும். பெரிய நாய்க்கு ஐந்து மாதம் ஆகும். 16 வாரத்தில் 8 கிலோ உள்ள குட்டி 15 முதல் 18 கிலோ வரை வளரும் என்று எதிர்பார்க்கலாம்.

இந்தக் கணக்கு இரண்டு விதமாகத் தவறும். பட்டினியில் குறுகிப்போன ஆறு மாதக் குட்டியை நான்கு மாதம் என்று எழுதிவிட்டால், இரட்டிக்கும்போது வராத எடை வந்துவிடும். வாயைத் திறந்து கோரைப்பல்லைப் பார்த்தால் இந்தப் பிழை தீரும். இன்னொன்று, வயிற்றுப் புழுவால் எடை குறைந்த குட்டி. சரியான வயது தெரிந்தாலும் கணக்கு குறைத்தே காட்டும். குட்டிக்கு இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை புழுமருந்து கொடுத்து, மூன்று வாரமாவது ஒழுங்காகத் தீனி போட்ட பிறகு எடுக்கும் எடைதான் நம்பத்தக்கது. பிறகு இரண்டு வாரத்துக்கொரு முறை எடை பார்த்துக் குறித்துவைக்கவும். சின்ன நாயின் வளர்ச்சி ஒன்பது பத்து மாதத்தில் நிற்கும், பெரியது ஒன்றரை வயது வரைகூட ஏறும். பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாகும் என்பதைப் பலரும் நம்புகிறார்கள். தோல் தளர்ந்த எந்தக் குட்டிக்கும் பாதம் பெரிதாகத்தான் தெரியும்.

முடியையும் காதையும் பற்றி ஆறு மாதத்துக்கு முன் எதையும் தீர்மானிக்க வேண்டாம். நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் குட்டிமுடி உதிர்ந்து நிறமும் நீளமும் மாறும். பல் மாறும் காலத்தில் காது ஒரு வாரம் நிமிரும், மறுவாரம் விழும். அந்த வாரத்துப் படத்தைப் பார்த்து ‘அல்சேஷன்’ (ஜெர்மன் ஷெப்பர்ட்) என்று முடிவுகட்டியவர்கள் ஏராளம்.

துடிப்பும் சுபாவமும் இனப்பெயரில் தெரியாது. 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் நிரப்பிய வினாத்தாள்களையும் 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் சேர்த்துப் பார்த்தது. தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்கியது 9 விழுக்காடு மட்டுமே. சுபாவம் தெரிய வேண்டுமானால் கூண்டுக்கு வெளியே அழைத்துவந்து, பதினைந்து இருபது நிமிடம் நடத்தி, தீனித்தட்டை நெருங்கும்போதும் இன்னொரு நாயைப் பார்க்கும்போதும் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு நாளில் இரண்டு முறை பார்ப்பது நல்லது. கூண்டுக்குள் குரைப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அட்டை ஆபத்தாகும் இடம்

தென்னாப்பிரிக்காவில் நாடு முழுவதற்குமான இனத் தடை இல்லை. ஆனால் 2022 நவம்பரில், பிட்புல் தாக்கிக் குழந்தைகள் இறந்த செய்திகளுக்குப் பிறகு தடை கோரும் மனு நாடு முழுக்கப் பரவியது. பயந்துபோன பலர் தங்கள் நாய்களை விலங்கு நலச் சங்கமான எஸ்பிசிஏவிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்ட வேளையில் அட்டையில் எழுதும் ஒரு சொல் நாயின் ஆயுளைத் தீர்மானிக்கும். ஃபுளோரிடாவின் நான்கு காப்பகங்களில் 120 நாய்களைப் பார்த்த 2015 ஆய்வில், ஊழியரில் ஒருவராவது பிட்புல் வகை என்று சொன்னவை 62. மரபணுவில் அப்படி இருந்தவை 25. அகன்ற தலையும் தசைக்கட்டும் குட்டைமுடியும் பாக்ஸர் கலப்பிலும் பூர்பூல் கலப்பிலும் வரும். பிட்புல் என்று எழுதப்பட்ட நாய்கள், அதே தோற்றத்தில் வேறு பெயர் எழுதப்பட்ட நாய்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காலம் காத்திருந்தன என்று 2016 ஆய்வொன்று காட்டியது.

அடுக்குமாடியிலும் காம்ப்ளெக்ஸிலும் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. நாய் வளர்க்க, குடியிருப்பை நிர்வகிக்கும் டிரஸ்டிகளின் எழுத்துமூல அனுமதி வேண்டும், தகுந்த காரணமின்றி அவர்கள் மறுக்கக் கூடாது என்பதே செக்ஷனல் டைட்டில் (வீடு தனி உரிமை, வளாகம் பொது உரிமை) குடியிருப்புகளுக்கான பொது நடத்தை விதி. விண்ணப்பத்தில் இனம் கேட்டால் ஊகத்தை எழுதி மாட்டிக்கொள்ள வேண்டாம். ‘கலப்பினம், பெண், கருத்தடை ஆனது, வயது சுமார் 2, உயரம் 46 செ.மீ., எடை 16 கிலோ, ரேபிஸ் தடுப்பூசி போட்டது’ என்பதுபோல அளந்ததை மட்டும் எழுதவும். ரேபிஸ் ஊசி இந்த நாட்டில் சட்டப்படி கட்டாயம், குவாசூலு-நேட்டாலில் நோய் நிலையாகவே இருக்கிறது. எனவே தடுப்பூசி அட்டையின் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பது எந்த இனப்பெயரையும் விட வலுவான வாதம்.

மரபணுச் சோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது

கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் சோதனைதான் வழக்கம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் எடுக்கக் கூடாது. பால் குடிக்கும் குட்டியானால் தாயின் செல்கள் கலந்துவிடும், ஆகவே முதலில் தனியே பிரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு கன்னத்திலும் அரை நிமிடமாவது சுழற்றித் தேய்க்க வேண்டும். எச்சில் மட்டும் போதாது, தோல் செல்கள் வர வேண்டும். உலர்த்தி அனுப்பும் வகையானால் டர்பன் ஈரப்பதத்தில் அவசரப்பட்டு உறையில் மூடினால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும்.

முடிவைப் படிக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, சோதனை உங்கள் நாயை அந்த நிறுவனம் கையில் வைத்திருக்கும் இன மாதிரிகளோடு மட்டுமே ஒப்பிடுகிறது. அவை பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க இனங்கள். ஒப்பிட ஆஃப்ரிக்க நாட்டு நாய்களே இல்லாவிட்டால், இனமே இல்லாத நாய்க்கும் அருகில் கிடைத்த இனங்களைத் துண்டு துண்டாகப் பங்கு வைத்துக் காட்டும். பத்துப் பன்னிரண்டு இனங்கள், ஒவ்வொன்றும் சிறு விழுக்காடு என்று முடிவு வந்தால் அது பல இனக் கலப்பு என்பதைவிட நாட்டு நாய் என்பதற்கான அறிகுறியாக இருக்க வாய்ப்பு அதிகம். கிராம நாய்களுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆடம் பாய்கோ குழுவினர் எகிப்து, உகாண்டா, நமீபியா நாய்களை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டதில், ஆஃப்ரிக்க கிராம நாய்களில் பலவும் ஐரோப்பிய இனக் கலப்பில்லாத தனி மரபு என்பதும், நமீபியாவின் மையப் பகுதியில் மட்டும் வெளிக்கலப்பு மிகுதி என்பதும் தெரிந்தது. 5 விழுக்காட்டுக்குக் கீழே வரும் இனப்பெயர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இவ்வளவு செலவு செய்து இனம் தெரிந்து என்ன பயன்? பெரும்பாலான வீடுகளுக்கு ஆர்வம் தணிவது மட்டுமே. மருத்துவ ரீதியாகப் பயன்படும் இடங்கள் சில உண்டு. கோலி வகை நாய்களிலும் ஓரளவு ஜெர்மன் ஷெப்பர்டுகளிலும் எம்டிஆர்1 என்ற மரபணுக் குறை உண்டு. அது உள்ள நாய்க்குச் சொறிக்காக அதிக அளவு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதித்து மயங்கி விழும். வயிற்றுப்போக்குக்கு நாம் விழுங்கும் லோபெரமைடும் அதற்கு நஞ்சு. பண்ணையில் மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டினை நாய்க்கும் கொடுக்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இனம் தெரியாத நாயானால் அந்த மரபணுவை மட்டும் தனியே சோதிக்கலாம், முழு இனப் பட்டியல் தேவையில்லை.

மற்றவற்றுக்கு உடம்பே போதுமான தகவல். மூக்கு குட்டையானால், எந்த இனமாக இருந்தாலும், ஜனவரி பிப்ரவரிப் புழுக்கத்தில் நடுப்பகலில் நடத்தக் கூடாது. கால் குட்டையாகவும் முதுகு நீளமாகவும் இருந்தால் கட்டிலிலிருந்து குதிக்க விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னங்கால் திடீரெனத் தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணி கடித்து வரும் பிலியரிக்கு இனம் ஒரு பொருட்டே இல்லை. ஈறு வெளுத்து, சிறுநீர் கறுத்து, நாய் தின்னாமல் படுத்துவிட்டால் மறுநாள் வரை பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.